இல்லாத நாட்டின் சட்டை

ஜவஹர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. ஆனால் லஸ் முனைக்குப் பின்னால் அவர் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவருக்கு மிலிட்டரி மாமா என்றுதான் பெயர். வாட்ச்மேன் காலையில் சல்யூட் வைப்பார். போன சுதந்திர தினத்துக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொன்னார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றிவிட்டு, கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். நான் தி.நகரில் முப்பத்தைந்து வருஷம் சட்டைத்துணி அளந்து கிழித்துக் கொடுத்தவன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? வருஷத்துக்கு ஒரு தரம்தான் யாராவது கூப்பிடுகிறார்கள், அதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டார்.

இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் மொட்டைமாடிக் கொடிக்கயிறு. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தக் கயிற்றில் பல தேசத்து ராணுவ உடுப்புகள் வரிசையாகத் தொங்கும். பச்சையும் பழுப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாக, இலை இலையாக, கட்டம் கட்டமாக அச்சடித்த உருமறைப்பு உடுப்புகள். மயிலாப்பூர் ஈரக்காற்றில் பீரோவுக்குள்ளேயே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் நிழலில் காயப்போட்டு, மறுபடி அந்துருண்டை போட்டு அடுக்கிவைப்பார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று உருப்படிகள், நாற்பத்தொரு நாடுகள். நம் ராணுவத்து உடுப்பு மட்டும் கிடையாது. அதை வெளியாள் வைத்திருந்தால் ஆயிரம் கேள்வி வரும், ஜவஹர் கேள்விக்குப் பயந்த மனுஷர்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பெரியப்பாவின் ஜவுளிக்கடைக்கு வந்தவர். சட்டைத்துணிப் பிரிவிலேயே காலம் ஓடிவிட்டது. அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் கல்யாணம் நடந்தது. இவருடையது இந்தத் தை, அடுத்த ஆவணி என்று தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். குடும்பம் பிரிந்தபோது இந்த வீடு அவர் பங்காக வந்தது. அறுபத்திரண்டு வயதில், இரண்டு படுக்கையறை வீட்டில், ஒரு அறையில் உடுப்புகளும் இன்னொரு அறையில் அவருமாக இருந்தார்.

ஓர் அச்சுத்துணியில் டிசைன் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தரம் திரும்ப வருகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அவர். ஒருநாள் பாண்டி பஜார் நடைபாதையில் பழைய வெளிநாட்டுத் துணிக் குவியலில் ஒரு ராணுவக் கோட்டு கிடைத்தது. அரை மணி நேரம் விரித்துவைத்துத் தேடியும் டிசைன் எங்கே திரும்புகிறது என்று பிடிபடவில்லை. கண்ணை ஏமாற்றுவதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான் என்று புரிந்தபோது அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

வெளிநாட்டில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது போனில் இதற்கென்றே இருந்த ஒரு குழுவைக் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. போலந்தில் ஒருவர், சிலியில் ஒருவர், இப்படி முந்நூறு பேர். யாராவது ஒரு படம் போட்டு இது எந்த நாட்டுடையது என்று கேட்பார்கள். ஜவஹர் ஒற்றை விரலால் தட்டிப் பதில் எழுதுவார். நாடு, காலம், பொத்தான் மாற்றப்பட்டதா, தையல் அசலா போலியா, எல்லாம் சொல்வார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அவருடைய அன்றைய பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்துவிடும். அந்தக் குழுவில் கண்டிப்பான ஒரு விதி இருந்தது. படத்தில் ஆள் இருந்தால் முகத்தை மறைத்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டிருப்பவன் யாராக இருந்தால் நமக்கென்ன, பேச்சு துணியைப் பற்றி மட்டும். பதினோரு வருஷம் அப்படியே பார்த்துப் பார்த்து ஜவஹரின் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. கூரியர்க்காரர் ஞாயிறு வரமாட்டாரே என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் பேட்டைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. போன வருஷம் அந்த இலவசப் பத்திரிகையில் இவரைப் பற்றிக் கால்பக்கம் எழுதியிருந்தார்கள்.

"சார், மிலிட்டரி சட்டை பார்த்தாலே எந்த ஊருதுன்னு சொல்றவரு நீங்கதான?"

ஆமாம் என்றார். உள்ளே கூப்பிட்ட பிறகுதான் வீட்டில் வந்தவர் உட்கார இன்னொரு நாற்காலி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. இருந்த ஒரு நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் பெயர் பொன்மணி. அடையாறில் ஒரு பெண்கள் உடைக்கடையில் ஆல்ட்டரேஷன் தையல் வேலை. வீடு பெரும்பாக்கத்தில், எட்டாவது மாடி. அதற்கு முன்னால் அடையாற்றங்கரையில் இருந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கத்தார் அவர்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் பெரும்பாக்கத்தில் வைத்துவிட்டார்கள். அவளுடைய அப்பா ரகுபதிக்கு அந்த இடம் ஒத்துவரவே இல்லை. எல்லாக் கதவும் ஒரே பச்சை, எல்லா மாடிப்படியும் ஒரே மாதிரி. கீழே டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து வேறு யார் வீட்டுக் கதவையாவது தட்டிக்கொண்டு நிற்பார். மனசும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்ப ஆரம்பித்தது. அக்டோபரில் ஒருநாள் காலை கிளம்பிப் போனவர்தான், மூன்று மாதமாக ஆளைக் காணவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்து ஒட்டியாயிற்று. அதில்தான் சிக்கல் வந்தது என்றாள்.

"மிலிட்டரி சட்டை போட்டுக்கினு இருப்பாருன்னு நோட்டீஸ்ல போட்டுட்டேன் சார். மெட்ராஸ்ல பாதி ஆம்பளைங்க அந்த மாதிரி சட்டைதான் போட்டுக்கினு சுத்துறாங்கோ. வாட்ச்மேன், ஆட்டோ ஓட்றவரு, மீன் வெட்றவரு, அல்லாரையும் பார்த்துட்டு எனக்கு போன் பண்றாங்கோ. எண்பது எடத்துக்கு மேல போயி பார்த்துட்டேன். லீவு போட்டுப் போட்டு வேலையே போயிடும்போல கீது."

ஆனால் அப்பா போட்டிருந்தது இங்கே கிடைக்கிற சட்டை இல்லை. பாலவாக்கத்தில் ஒரு பங்களாவில் அவர் வாட்ச்மேனாக இருந்தபோது, வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் காலி செய்துகொண்டு போகும்போது விட்டுப்போனது. கடற்காற்றுக்கு இதமாக இருக்கிறது என்று போட ஆரம்பித்தவர் வெயிலிலும் கழற்றியதில்லை. அது என்ன சட்டை, எந்த நாட்டுடையது, மற்ற சட்டையிலிருந்து எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று சரியாக எழுதி ஒட்டினால் கண்ட போனும் வராது, வருகிற ஒரு போன் அவரைப் பற்றியதாக இருக்கும். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

நல்ல யோசனைதான். ஜவஹருக்கு அவளுடைய புத்தியின் மேல் மரியாதை வந்தது. அவள் நீட்டிய அப்பாவின் படத்தைக் கையில் வாங்கினார்.

சாம்பல் கலந்த பச்சைத் துணி. அதில் நெட்டுக்குத்தாகச் சின்னச்சின்னப் பழுப்புக் கோடுகள், தூறல் விழுவதுபோல. இரண்டு கையிலும் தோளுக்குக் கீழே பாக்கெட். கிழக்கு ஜெர்மனி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே இல்லாமல் போய்விட்ட நாடு, இல்லாமல் போய்விட்ட ராணுவம். வாய் திறந்து சொல்லப் போனவர், படத்தின் இடது கையைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தப் பாக்கெட்டின் மூடி கிழிந்து, நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதே நீல நூல், அதே கோணல். அந்தச் சட்டை பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை நல்லா பார்த்துத்தான் சொல்லணும்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தினார். அப்புறம் பீரோவைத் திறந்தார். ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரு அட்டை எழுதி ஹேங்கரில் கட்டியிருப்பார். இந்த அட்டையில் அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: "கிழக்கு ஜெர்மனி. அசல். உட்புற முத்திரை தெளிவு. பொத்தான்கள் முழுமை. இடது கைப் பாக்கெட் மூடி பிற்காலத் தையல், நீல நூல், பழகாத கை. கிடைத்த இடம் மாம்பலம் ரயில் நிலையம், நவம்பர் 19."

கிடைத்தது என்றால் தரையிலா கிடந்தது? அந்த வார்த்தையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. அன்று நல்ல மழை. ரங்கநாதன் தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிற கூட்டத்தில் இவரும் முண்டியடித்துக்கொண்டு போனார். பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் ஜவஹர் கூட்டத்தை விட்டு ஒதுங்கி அருகே போனார். பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த உடுப்பு. வெளிநாட்டிலிருந்து இரண்டு தரம் வரவழைத்து இரண்டும் போலியாகப் போனது. அது இதோ, மாம்பலத்துச் சேற்றில். குனிந்து கைத்துணியை விரலால் உருட்டிப் பார்த்தார். அசல். "இதைக் கழட்டித் தர்றீங்களா?" என்று கேட்டார். பெரியவர் உடனே பொத்தான்களைக் கழற்றினார். ஜவஹர் சட்டைப்பையில் இருந்த நோட்டுகளை அவர் கையில் திணித்துவிட்டு, உடுப்பை நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, ரயிலைக்கூட விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். அன்று குழுவில் நாற்பத்தேழு கட்டைவிரல் வந்தது.

மழையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனுஷனின் உடம்பிலிருந்து சட்டையை உரித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அன்று தோன்றவில்லை. இன்று தோன்றியது. அந்தப் பெரியவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பொத்தான் வந்தது, கைமடிப்பு வந்தது, காலர் பட்டையின் நைந்த விளிம்பு வந்தது. முகம் வரவில்லை. அவள் காட்டிய படத்திலும் அவர் சட்டையைத்தான் பார்த்திருந்தார்.

வார நடுவில் போன் செய்து சொல்லிவிடலாம் என்று நாலு தரம் எண்ணைத் தட்டி நாலு தரமும் அழித்தார். நேரில் சொல்வதுதான் முறை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். கூடவே பிஸ்கட்டும், ஒரு புது டீ கோப்பையும். உண்மை சொல்லப் போகிறவன் எதற்கு நாற்காலி வாங்குகிறான்? அது அவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு பொன்மணி வந்தபோது டீ போட்டுக் கொடுத்தார். நாட்டின் பெயரைச் சொன்னார். கோடுகள் எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்து காட்டினார். முப்பத்தைந்து வருஷம் துணியோடு இருந்த கை, அச்சு அசலாக வந்தது. கையில் பாக்கெட் இருப்பது, காலரின் வெட்டு, நீல நூல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சாம்பல் பச்சையில் தூறல் போன்ற கோடு போட்ட சட்டை, இதுபோல் சென்னையில் வேறு கிடையாது என்று நோட்டீஸுக்கு வாசகமும் அவரே சொன்னார். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு அவள் கண் கலங்கிவிட்டது.

"நீல நூலு நான் தைச்சது சார். வேலைக்கு அவசரமா கெளம்பிக்கினு இருந்தேன். கைக்கு கெடச்ச நூல்ல ஒரு இழுப்பு இழுத்து வுட்டேன். ஊரு ஜனத்துக்கெல்லாம் அழகா தைக்கிறேன், நைனா சட்டைய மட்டும் அப்டி தைச்சேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் வாய்க்காது. ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவருக்கு மீன்குழம்பில் மாங்காய் போட்டால் பிடிக்காது, ரேடியோவில் கிரிக்கெட் வந்தால் சத்தமே போடக் கூடாது, சின்ன வயதில் இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றை இடுப்பளவு தண்ணீரில் கடப்பார் என்றெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு மனிதக்குரல் அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை. ஜவஹர் பிஸ்கட் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார். சொல்லிவிட்டால் இவள் எழுந்து போய்விடுவாள், அப்புறம் இந்த வாசலை மிதிக்கமாட்டாள். இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைப்பானேன். சட்டையைக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரும்போதே முகம் தெளிந்திருந்தது. புது நோட்டீஸ் சைதாப்பேட்டையிலிருந்து திருவான்மியூர் வரை ஒட்டியாயிற்று, கிண்டி, மாம்பலம் ஸ்டேஷன்களிலும் ஆள் வைத்து ஒட்டியாயிற்று. தொந்தரவு போன் சுத்தமாக நின்றுவிட்டது. நீங்க செஞ்ச உதவிக்கு என்று ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்திருந்தாள். ஜவஹர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்த வாரம் ஒரே ஒரு போனுதான் சார் வந்துச்சு. யாரோ ஒரு பொம்பள. போட்டோல கீற மாதிரியே ஒரு பெரியவரு இங்க உக்காந்துகினு கீறாருன்னு சொன்னாங்கோ. நான் ஒடனே, கோடு போட்ட சட்டை கீதான்னு கேட்டேன். சட்டையே இல்ல, ஒரு துண்டு போத்திக்கினு கீறாருன்னாங்கோ. அப்ப அவரு இல்லம்மான்னு வச்சிட்டேன். பழைய மாதிரி இருந்தா அரை நாள் லீவு போட்டு ஓடியிருப்பேன். உங்க புண்ணியத்துல தப்பிச்சேன்."

ஜவஹர் ஸ்பூனை டப்பாவிலேயே வைத்தார். இதை அவர் யோசிக்கவே இல்லை. மறைத்து வைத்தது ஒரு சட்டையை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஊரையே அந்தச் சட்டையைத் தேடவைத்துவிட்டு, சட்டையை இங்கே பூட்டிவைத்திருக்கிறார். இனி யார் அந்த மனுஷனைக் கண்ணால் கண்டாலும் இவர் அவரில்லை என்று தாண்டிப் போவார்கள். பெற்ற மகளே அப்படிச் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறந்தார். ஹேங்கரோடு எடுத்துவந்து அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

பொன்மணி முதலில் துணியைப் பார்க்கவில்லை, நேரே இடது கைப் பாக்கெட்டைத்தான் புரட்டினாள். நீல நூலின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நவம்பர்லயே. நீங்க முதல்ல வந்தப்பவே என்கிட்ட இருந்திச்சும்மா. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழ அவரு உக்காந்திருந்தாரு. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"கைல வச்சிருந்தாரா?"

"இல்ல. போட்டிருந்தாரு. கழட்டித் தரச் சொன்னேன்."

பொன்மணி சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருப்பிப் பார்த்தாள்.

"நவம்பர்னா மழையாச்சே சார்."

"ஆமா. பெஞ்சுக்கிட்டு இருந்திச்சு."

"உள்ள வேற சட்டை போட்டிருந்தாரா?"

ஜவஹர் நினைவுபடுத்திப் பார்த்தார். உடுப்பின் உட்புறம், கழுத்துப் பக்கத்து முத்திரை, அக்குளில் வேர்வைக் கறை, எல்லாம் கண் முன்னால் நின்றன. அதைக் கழற்றிக் கொடுத்த உடம்பு எங்குமே இல்லை.

"தெரியலம்மா. நான் கவனிக்கல."

"அவரு கழட்டுறப்ப நீங்க எதுருலதான நின்னுக்கினு இருந்தீங்கோ?"

அவள் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் போனை எடுத்து அந்த வாரம் வந்த எண்ணைத் தேடினாள். அவசரத்தில் வேறு எண்ணுக்குப் போய், அதை நிறுத்தி, மறுபடி அழுத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

எடுத்தவள் பெயர் பேச்சியம்மாள். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள். தெற்கத்திப் பேச்சு. பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. பொன்மணி நான்தான் அன்றைக்கு போனை வைத்துவிட்டேன், அந்தப் பெரியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டாள்.

"இங்கனதான் இருக்காரு தாயி. அவரு எங்க போகப் போறாரு. ரெண்டரை மாசமா இந்தப் படிக்கட்டை விட்டு நகரமாட்டேங்காரு. மழைக்குக்கூட உள்ள ஒதுங்கல. நான்தான் ரெண்டு இட்லி வாங்கிக் குடுப்பேன். ஏன்யா இங்கனயே கெடக்கீருன்னு கேட்டா, யாரோ ஒரு சாரு சட்டையை எடுத்துக்கிட்டுப் போயிருக்காராம். கிழிசல தைச்சுக் கொண்டாந்து தருவாராம். வந்து பாக்கும்போது ஆளக் காணலன்னா பாவம் அந்த சாரு எங்க போயித் தேடுவாருன்னு சொல்லுதாரு."

பொன்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவரின் பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஒரு மகள் இருக்கிறாள், தையல் வேலை என்று மட்டும் சொல்வார் என்றாள். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொன்மணி, அவரை எங்கேயும் போகவிடாதீங்க அம்மா, நான் அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஹேங்கரிலிருந்து சட்டையை உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதில் கட்டியிருந்த அட்டை அறுந்து தரையில் விழுந்ததை இருவருமே எடுக்கவில்லை.

ஜவஹர் வாசல்வரை பின்னாலேயே போனார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானும் வர்றேம்மா. ஆட்டோ பிடிச்சா கால் மணி நேரம்தான். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்."

அவள் முதல் படியில் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார் ஜவஹர். அவசரத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"வேணாம் சார். உங்கள பார்த்தா இடுப்புல கீறதையும் அவுத்துக் குடுத்துடுவாரு. அவரு அப்டித்தான்."

தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். கீழே வாட்ச்மேன் அவளுக்காக ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது. ஆட்டோ தெருமுனை திரும்பும் சத்தமும் அடங்கிய பிறகு ஜவஹர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

உள்ளே இரண்டு புது நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் உட்கார்ந்தார். இனி ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். அதை அவர் அழாமல் ஏற்றுக்கொண்டார், பழக்கப்பட்ட விஷயம்தானே. அவரால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. இத்தனை வயதில், இவ்வளவு பெரிய ஊரில், தன் வரவை எதிர்பார்த்து ஒரு ஜீவன்கூட இல்லை என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். இரண்டரை மாதமாக ஒருவர் மழையில் நனைந்துகொண்டு, இடத்தை விட்டு நகர்ந்தால் இவர் தேடி அலைவாரே என்று கவலைப்பட்டுக்கொண்டு, அவருக்காகவே காத்திருந்திருக்கிறார். அந்த மனுஷரின் முகம் எப்படி இருக்கும் என்று ஜவஹருக்குத் தெரியாது.